மதகு வரைக்கும்

குள்ளஞ்சாவடி தாண்டி
முந்திரித் தோப்புகளுக்குள் வண்டி நுழைந்ததும்
கைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
பின்சீட்டில் பிஸ்தா வாந்தி எடுத்தாள்.
ஜெனரல் அதை முகர்ந்து பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
இப்படித்தான் தொடங்கியது எங்கள் ஓய்வு.

மீன் குத்தகைக்காரர் ஒருவர்
காவலுக்குக் கட்டிய மரவீடு.
இரண்டு அறை, தகரக் கூரை,
பெருமாள் ஏரியைப் பார்த்தபடி ஒரு பலகைத் தளம்.
குத்தகை கைவிட்டுப் போனபின்
மகன் நாள் வாடகைக்கு விடுகிறான்.
"நாய்ங்க இருந்தா இருநூறு சேர்த்துக் குடுங்க."
"அதுங்களுக்குத்தான் எடுத்திருக்கோம்,
நாங்க துணைக்கு வர்றோம்" என்றான் அருள்ராஜ்.
இவன் வேடிக்கையாகப் பேசி
நான் கேட்டு
நாலைந்து மாதம் இருக்கும்.

முதல் நாள் எங்களுக்கு
உட்காரத் தெரியவில்லை.
கழுவிய பாத்திரத்தையே நான் கழுவினேன்.
ஒழுங்காக இருந்த தாழ்ப்பாளை
அவன் கழற்றிக் கழற்றி மாட்டினான்.
நாய்கள் வந்த பத்தாவது நிமிடம்
ஆளுக்கொரு வெயிலைப் பிடித்துக்கொண்டு
படுத்துவிட்டன.

ஜெனரலுக்குக் காது போய் இரண்டு வருடம்.
பெயர் சொல்லி அவனை யாரும் கூப்பிடுவதில்லை.
தரையை இரண்டு தட்டுத் தட்டினால் திரும்புவான்.
அதிர்வுதான் இப்போது அவன் பெயர்.
ராத்திரி ஆலப்பாக்கம் பக்கம் ரயில் போனபோது
நாங்கள் கேட்கும் முன்னே
பலகையிலிருந்து தலையைத் தூக்கினான்,
அத்தனை தூரத்திலிருந்து
யாரோ தன்னைத் தேடுகிறார்கள் என்பதுபோல.

தனக்கோடி அக்கா கெளுத்திக் குழம்பு கொண்டுவந்தார்.
பின்னாலேயே ஒரு செவலை நாய்,
ஒரு காது மடங்கி.
"இது பேரு என்னக்கா?"
"பேரா? ஏரி நாய்" என்றார்,
இதுக்கு மேல் என்ன வேண்டும் என்கிற மாதிரி.
மேற்கே நெய்வேலி வானம் மட்டும்
தூங்காமல் செம்மஞ்சளாய் இருந்தது.
"அங்க எறைக்கிற தண்ணிதான் இங்க வருது,
கோடையிலயும் கெடக்கும்" என்று
தூக்குவாளியை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாளைப் பற்றிச் சொல்ல
ஒன்றுமே இல்லை.
ஒரு கூழைக்கடா வந்தது.
போனது.

மூன்றாம் நாள் விடியலில்
அருள்ராஜ் இடுப்பளவு தண்ணீரில் நின்றான்.
கரையில் பிஸ்தா முனகிக்கொண்டிருந்தாள்.
எங்களிடம் வரும் முன்பு,
வெள்ளம் வந்த வருஷம்,
புதுப்பாளையத்தில் ஒரு மோட்டார்த் தொட்டி மேல்
இரண்டு நாள் நின்றிருந்தவள்.
வாளியைத் தூக்கினாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாள்.
ஏரி நாய் அவள் முன்னால்
தண்ணீரில் இறங்கியது, ஏறியது,
உதறியது, மறுபடி இறங்கியது.
கற்றுத்தரவெல்லாம் இல்லை,
அதற்கு அரித்தது, அவ்வளவுதான்.
பிஸ்தா ஒரு கால் வைத்தாள்.
அப்புறம் இன்னொன்று.
வயிற்றில் ஈரம் பட்டதும்
துள்ளிக் கரையேறி
என் புடவை முழுக்கச் சேறாக்கினாள்.
அருள்ராஜ் சிரித்தான்.
குளிரில் பல் தந்தியடிக்கச் சிரித்தான்.

வீட்டுக்கடனைப் பற்றி,
அவன் அண்ணன் போட்ட கையெழுத்தைப் பற்றி
நாங்கள் பேசவே இல்லை.
அதெல்லாம் வண்டியின் டிக்கியில்
ஸ்டெப்னிக்குப் பக்கத்தில்
பத்திரமாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது ஏரி நாய்
கரைமேல் எங்களோடு ஓடிவந்தது.
மதகு வந்ததும் நின்றுவிட்டது,
கோடு கிழித்த மாதிரி.
"நிறுத்து" என்றேன். நிறுத்தினான்.
பின்கதவைத் திறந்துவைத்தேன்.
அது வண்டியைப் பார்த்தது,
எங்கள் இரண்டையும் பார்த்தது,
நீளமாக ஒரு கொட்டாவி விட்டுத்
திரும்பி நடந்தது.
அதற்கு வேலை இருந்தது.

தார்ச்சாலை ஏறியதும்
மூன்று நாள் செய்திகளும்
ஒரே மூச்சில் குரைத்தன.
அருள்ராஜ் எடுத்துப் பார்த்து
மடியில் கவிழ்த்துவைத்தான்.
ஜெனரல் என் காலடியில் வந்து சுருண்டான்.
எதற்கென்று தெரியாமல்
கால்விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன்.
தலையைத் தூக்கி, கண்ணைப் பார்த்து,
என்ன என்று காத்திருந்தான்.

ஒன்றுமில்லை, சும்மாதான் என்பதை
எப்படித் தட்டிச் சொல்வது?